ஓவியர் பணிக்கர்

தமிழர் ஓவியக் கலையில் சிறந்து விளங்கினர் என்று மேடைதோறும் பேசுகிறோம். மகேந்திரவர்மப் பல்லவன் சித்திரகாரப்புலி என்னும் பெயர் பூண்டதை நினைவூட்டுகிறோம். திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் கண்ட மக்கள் ஒருவர்க்கொருவர் அவற்றின் பொருளை விளக்கி நின்ற காட்சி பரிபாடலில் இருப்பதைச் சுட்டுகிறோம். சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கையையும், தஞ்சைப் பெரிய கோயிலில் 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக் கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களையும் எடுத்துக் காட்டிப் பெருமை கொள்கிறோம். பெருமை கொள்ள வேண்டியதுதான். ஆனால் சென்ற நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்து மறைந்த ஓவியர் ஐவரின் பெயரைச் சொல்லுக என்று நம்மை ஒருவர் கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வோம்? ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சுவரை அறிந்த நாம், நேற்று வரைந்தவரை அறியாமல் இருக்கிறோம்.

அவ்வாறு நாம் அறிந்திருக்க வேண்டியவர்களுள் முதன்மையானவர் கே. சி. எஸ். பணிக்கர். சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராய்ப் புகுந்து, ஆசிரியராய் அமர்ந்து, முதல்வராய் உயர்ந்தவர். கலைஞன் பசியின்றி வாழவும் வேண்டும், தன் கலையை விற்பனைச் சரக்காக்காமல் காக்கவும் வேண்டும் என்னும் கடினமான கேள்விக்கு விடை தேடியவர். அந்த விடையைக் கடற்கரை மணலில் ஓர் ஊராகவே கட்டி எழுப்பியவர். அவர் வாழ்க்கை ஓவியம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, எக்கலை பயில்வோர்க்கும் ஒரு பாடமாகும்.

சென்னையை வரைந்தவர்கள்

பணிக்கரின் வாழ்வை அறியுமுன் அவர் பயின்ற நகரையும் பள்ளியையும் சிறிது அறிதல் நலம். சென்னை நகரை நேரில் இருந்து வரைந்து உலகுக்குக் காட்டிய தொடக்க கால ஓவியர்களுள் பெயர்பெற்றவர்கள் ஆங்கிலேயரான தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் ஆவர். 1792ஆம் ஆண்டு அவர்கள் சென்னைக்கு வந்தனர். இங்கிருந்து தெற்கே மதுரை, பாபநாசம் எனப் பல ஊர்களுக்கும் சென்று வரைந்தனர். ஒளியைத் துளைவழி செலுத்திக் காட்சியைத் தாள்மேல் விழச்செய்யும் இருட்டுப் பெட்டி ஒன்றையும் துணையாகக் கொண்டனர். கோட்டையும், கடற்கரையும், மாமல்லபுரத்துக் கற்கோயில்களும் அவர்கள் கையால் படங்களாயின. இலண்டன் மாளிகைகளின் சுவர்களில் அவை தொங்கின. நம் ஊரின் அன்றைய தோற்றத்தை இன்று நாம் காண்பது பெரிதும் அவர்களால்தான். அதற்கு நாம் கடப்பாடு உடையவர்களே. எனினும் அவை விருந்தினர் கண்ட ஊர்; வீட்டார் கண்ட ஊர் அல்ல.

வீட்டாருக்கு வரையக் கற்றுத்தர ஒரு பள்ளி எழுந்தது 1850ஆம் ஆண்டில். அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியால் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்று நடத்தலாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்றைய பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், அரசு கவின்கலைக் கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் விளங்குவது அப்பள்ளியே. தொடக்கத்தில் அது கலைஞனை உருவாக்க எழுந்த பள்ளி அன்று. கைவினைஞனைப் பழக்க எழுந்த பள்ளி. மரவேலை, உலோக வேலை, மண்பாண்ட வேலை ஆகியவையே அங்கு முதன்மை பெற்றன. கட்டடக் கலைஞர் சிஷோம், கலை ஆய்வாளர் ஹாவெல் முதலியோர் அதன் தலைவர்களாய் இருந்தனர். 1929ஆம் ஆண்டு தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலையையும் காந்தியடிகள் சிலையையும் வடித்த சிற்பி அவர்தாம். அவர் வந்த பிறகே அப்பள்ளியில் ஓவியமும் சிற்பமும் தமக்குரிய இடத்தைப் பெற்றன.

இளமை

பணிக்கர் 1911ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். அவர் குடும்பத்தின் வேர் அன்றைய மலபார் மாவட்டத்தில் பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டில் இருந்தது. அன்று மலபாரும் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியே. ஒருபுறம் அரபிக்கடல், ஒருபுறம் கால்வாயும் காயலும், எங்கு நோக்கினும் தென்னை. அந்தப் பசுமையில் ஓடித் திரிந்த சிறுவனுக்கு 12 வயதளவில் நிலக்காட்சிகளை வரையும் பழக்கம் உண்டாயிற்று. 17ஆம் வயதிலேயே அவருடைய படங்கள் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இடம் பெற்றன.

ஆனால் கலை ஆர்வம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுமா? தந்தையார் மறைந்தபின் குடும்பச் சுமை இளைஞர் தோளில் விழுந்தது. படிப்பு நின்றது. தந்தித் துறையில் வேலை பார்த்தார். காப்பீட்டுத் தொழிலிலும் ஈடுபட்டார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் தூரிகையை எடுத்தார். நம்முள் பலர் இத்தகைய நிலையில் என்ன செய்வோம்? வேலை நிலைத்தது, இனி ஓவியம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது என்று மனத்தைத் தேற்றிக் கொள்வோம். பணிக்கர் அவ்வாறு தேற்றிக் கொள்ளவில்லை. 1936ஆம் ஆண்டு, 25 வயதில், சம்பளம் தந்த வேலையை விட்டுச் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். ஒத்த வயதினர் குடும்பம் நடத்தத் தொடங்கும் காலத்தில் அவர் பலகையும் தாளும் ஏந்தி வகுப்பில் அமர்ந்தார்.

வெளியில் அமர்ந்து வரைதல்

ராய் சௌத்ரி மேல்நாட்டு முறையில் தேர்ந்தவர். வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூரிடமும் பயின்றவர். கண்ணால் கண்டதைக் கையால் தவறின்றிக் காட்டும் பயிற்சியை அவர் வற்புறுத்தினார். அப்பயிற்சியின் ஒரு பகுதி, பள்ளிச் சுவருக்கு வெளியே சென்று வரைவது. கலைப்பள்ளி மாணவர்க்கு இதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வாசலைக் கடந்து அதே சாலையில் நடந்தால் ரிப்பன் மாளிகை. அடுத்து விக்டோரியா மன்றம். அப்பால் 1873ஆம் ஆண்டு எழுந்த சென்ட்ரல் நிலையம். அதன் பக்கத்தில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட். எழும்பூர்ப் பக்கம் திரும்பினால் அரும்பொருட் காட்சிச் சாலை. அதனுள்ளே அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும். கடற்கரைக்குச் சென்றால் கட்டுமரமும் வலையும் மீனவர் குடிசையும். ஒரு நாட்டின் வரலாற்றையே நான்கு கல் தொலைவுக்குள் விரித்து வைத்தாற்போன்ற இடம் அது.

வெளியில் அமர்ந்து வரைவது எளிய செயல் என்று நினைப்பவர் ஒருநாள் முயன்று பார்க்க வேண்டும். வெயில் நகரும், நிழல் இடம் மாறும், தொடங்கியபோது இருந்த காட்சி இரண்டு மணி நேரத்தில் வேறாகிவிடும். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பூசுவதன்று; தாளில் விட்டுவைப்பது. ஒருமுறை கறை படிந்தால் திருத்துவது அரிது. கோடைக் காற்றில் வண்ணம் கணத்தில் உலர்ந்துவிடும்; கடலோர ஈரக் காற்றில் உலரவே உலராது. சுற்றி நின்று எட்டிப் பார்ப்போர் கூட்டம் வேறு. இவ்வளவுக்கும் நடுவே எதை எடுப்பது, எதை விடுவது என்று ஓவியன் முடிவு செய்ய வேண்டும். ஒரு தெருவில் ஆயிரம் பொருள்கள் உண்டு. தாளில் இடம் பெறுவன பத்தே. அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவுதான் ஓவியப் பயிற்சியின் உயிர்.

பணிக்கர் இதில் வல்லவரானார். வெளியங்கோட்டுக் கால்வாய்களும், தென்னந்தோப்பின் நிழலும், வெயிலில் மின்னும் நீரும் அவருடைய நீர்வண்ணப் படங்களில் ஒளிர்ந்தன. 1940ஆம் ஆண்டு படிப்பை முடித்தவரை அடுத்த ஆண்டே பள்ளி ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. சென்னையிலும் தில்லியிலும் தனிக் கண்காட்சிகள் நடத்தினார். நிலக்காட்சி ஓவியராக அவர் பெயர் நிலைபெற்றது. அந்தப் பெயரோடு நின்றிருந்தாலும் அவர் வாழ்க்கை வெற்றி வாழ்க்கையே ஆகியிருக்கும்.

முற்போக்கு ஓவியர் சங்கம்

அன்று சென்னையில் ஓவியன் நிலை இரங்கத்தக்கது. இசைக்குச் சபாக்கள் இருந்தன. மார்கழியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் மக்கள் காசு கொடுத்தனர். ஓவியத்துக்கு நாட்காட்டி ஒன்றே போதும் என்று பலர் இருந்தனர். படம் வரைந்தவன் அதைத் தொங்கவிடச் சுவர் இல்லை. பார்க்க ஆள் இல்லை. வாங்க மனம் இல்லை. பள்ளியை விட்டு வெளிவந்த மாணவர் பலர் விளம்பரத் தட்டி எழுதவும் துணிக்கடைக்கு மாதிரி வரையவும் சென்று கலையை மறந்தனர்.

இதைக் கண்ட பணிக்கர் 1944ஆம் ஆண்டு நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துவது, படங்களை வேறு நகரங்களுக்கும் எடுத்துச் செல்வது, கலையைப் பற்றி விவாதிப்பது ஆகியன அதன் பணிகள். பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழு தோன்றியது 1947ஆம் ஆண்டில். சென்னைச் சங்கம் அதற்கு மூன்றாண்டு மூத்தது. பம்பாய்க் குழுவை இந்தியக் கலை வரலாறு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சென்னைச் சங்கத்தைச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறது. இதற்கு வடவரை மட்டும் நோவதில் பயனில்லை. நம் கலைஞரை நாம் எழுதினோமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேல்நாட்டுப் பயணம்

1954ஆம் ஆண்டு பணிக்கர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும் பிரான்சிலும் அவருடைய படங்கள் கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. வான்கோ, கோகன், செசான் முதலியோரின் படைப்புகளை அச்சுப் படங்களில் கண்டு போற்றியிருந்தவர் அங்கே மூலங்களையே கண்டார். உருவத்தைத் துறந்து வண்ணத்தையும் கோட்டையும் மட்டுமே நம்பும் புதிய ஓவியங்களையும் கண்டார்.

இப்பயணம் அவர் உள்ளத்தில் ஒரு கலக்கத்தை உண்டாக்கியது. அதுவரை அவர் தூரிகை பிடித்த முறை மேல்நாட்டார் கற்றுத்தந்த முறை. தென்னை நம்முடையது, கால்வாய் நம்முடையது, ஆனால் அவற்றைக் காணும் கண் யாருடையது? டேனியல்கள் கண்ட கண்ணாலேயே நாமும் நம் ஊரைக் கண்டுகொண்டிருக்கிறோமா? புதிய மேல்நாட்டு முறைக்குத் தாவினாலும் அது மற்றோர் இரவல் கண் அன்றோ? அப்படியானால் அசந்தா ஓவியங்களையும் குறுஞ்சித்திரங்களையும் பார்த்து எழுதுவதா? அதுவும் இறந்த காலத்திடம் வாங்கும் இரவலே. இந்த மூன்று வழிகளுக்கும் அப்பால் ஒரு வழி உண்டா என்பதே அவர் பிற்காலம் முழுவதும் தேடிய தேட்டம். விடுதலை பெற்ற நாட்டின் ஓவியர் எல்லார் முன்னும் நின்ற கேள்வி இது. சென்னையில் அதைக் கூர்மையாக எழுப்பியவர் பணிக்கரே.

முதல்வர் பணி

1957ஆம் ஆண்டு ராய் சௌத்ரி ஓய்வு பெற்றார். பணிக்கர் முதல்வரானார். அடுத்த பத்தாண்டுகள் அப்பள்ளியின் பொற்காலம் எனலாம். பணிக்கர் தம் முறையை மாணவர்மேல் திணிக்கவில்லை. அவரிடம் பயின்றவர்களின் படங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஆசிரியரின் நிழலாக மாணவன் ஆகாமையே ஆசிரியரின் வெற்றி என்பதற்கு இது சான்று.

அவர் திசை காட்டினார். கோயில் சிற்பத்தைப் பாருங்கள். அரும்பொருட் காட்சிச் சாலையின் திருமேனிகளில் கோடு எவ்வாறு ஓடுகிறது என்று பாருங்கள். தெருவில் கோலம் இடும் கையைப் பாருங்கள். நாட்டுப்புறப் பொம்மையைப் பாருங்கள் என்பது அவர் காட்டிய திசை. வண்ணத்தைவிடக் கோட்டுக்கே தென்னாட்டுக் கலையில் ஏற்றம் மிகுதி. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குப் புனையா ஓவியம் என்று நம் முன்னோர் தனிப் பெயரே வைத்திருந்தனர். அந்தக் கோட்டு மரபு சென்னை ஓவியர்களின் தனி முத்திரையாயிற்று. சிற்பி தனபால், எல். முனுசாமி, சந்தானராஜ், தகட்டு உலோகத்தில் சிற்பம் செய்த ஜானகிராம் முதலியோர் அக்காலத்தில் அப்பள்ளியோடு இணைந்து விளங்கினர். அங்குப் பயின்ற ஆதிமூலம் 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்தார். பிற்காலத்தில் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்த படங்களைத் தமிழ் வாசகர் பலர் அறிவர். பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்த டி. கே. பத்மினி, பெண்களின் அக உலகை வரைந்து, 1969ஆம் ஆண்டு இளம் வயதிலேயே மறைந்தார்.

மாணவருள் கே. இராமானுசம் என்பவரைத் தனியே குறிப்பிட வேண்டும். பேச்சுத் தடையும் மனநோயும் அவரை வாட்டின. பலர் அவரை விலக்கி வைத்தனர். கனவுலகம் போன்ற நகரங்களையும், தொப்பி அணிந்த மனிதரையும், பறவைகளையும் பாம்புகளையும் நுண்ணிய கோடுகளால் அவர் வரைந்தார். பணிக்கர் அவருள் இருந்த கலைஞனைக் கண்டுகொண்டார், ஆதரவு தந்தார். 1973ஆம் ஆண்டு இராமானுசம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆசிரியரின் அன்பு எல்லாத் துயரையும் மாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பு இல்லையேல் அப்படங்களை உலகம் கண்டிருக்குமா என்பது ஐயமே.

சொற்களும் குறிகளும்

1963ஆம் ஆண்டளவில் பணிக்கரின் ஓவியம் முற்றிலும் மாறியது. சொற்களும் குறிகளும் என்னும் வரிசை அப்போது தொடங்கிற்று. அப்படங்களில் மலையாள எழுத்துகள் அடுக்கடுக்காக நிற்கும். ஆனால் படித்தால் பொருள் தராது. சோதிடக் கட்டங்கள் இருக்கும். பலன் சொல்ல முடியாது. கணக்குக் குறிகள் இருக்கும், விடை இல்லை. இடையிடையே மீனும் பறவையும் மரமும் மனித உருவும் சிறு சிறு குறிகளாகத் தோன்றும். தொலைவிலிருந்து பார்த்தால் பழைய ஏட்டுச் சுவடி ஒன்றை விரித்து வைத்தாற்போல் இருக்கும்.

இது என்ன ஓவியம் என்று கேட்டவர் உண்டு. வெறும் விளையாட்டு என்று ஒதுக்கியவரும் உண்டு. ஆனால் சிறிது நின்று எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம் நாட்டில் எழுத்து என்பது படிப்பதற்கு மட்டும் உரியதன்று. யந்திரத் தகட்டில் எழுதிக் கையில் கட்டுகிறோம். சாதகக் கட்டத்தில் எழுதிப் பெட்டியில் வைக்கிறோம். வாசற்படியில் மஞ்சளால் எழுதுகிறோம். படிக்கத் தெரியாதவரும் அவ்வெழுத்தைப் பார்த்துப் பணிகிறார். எழுத்தே உருவமாய் நிற்கும் இந்த வழக்கம் மேல்நாட்டாரிடம் வாங்கியது அன்று. அசந்தாவிலிருந்து பெயர்த்தெடுத்ததும் அன்று. பணிக்கர் தம் பிள்ளைப் பருவத்திலிருந்து கண்டுவந்தது. பத்தாண்டுக்கு முன் தம்மை வாட்டிய கேள்விக்கு அவர் கண்ட விடை இதுவே. சிறுவயதில் கால்வாயை வரைந்தவர் முதுமையில் ஊரையே விட்டுவிட்டார் என்று சொல்வது பொருந்தாது. முன்பு ஊரின் வெளித்தோற்றத்தை வரைந்தார். பின்பு ஊரின் மனத்தை வரைந்தார்.

சோழமண்டலம்

படம் வரைந்தால் மட்டும் போதுமா? மாணவர் படித்து முடித்தபின் எங்குப் போவது என்ற பழைய கேள்வி அப்படியே இருந்தது. படங்களை வாங்குவோர் மிகச் சிலர். அரசு வேலையோ எல்லார்க்கும் கிடைப்பதன்று. பணிக்கர் ஒரு வழி கண்டார். கலைஞர் கைவினையாலும் வாழலாம் அன்றோ? துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை, உலோக வேலை, மண்பாண்டம், தோல் வேலை ஆகியவற்றை ஓவியர் செய்து விற்றால் வயிற்றுக்கு வழி பிறக்கும். அப்போது ஓவியத்தை வாங்குவோர் விருப்பத்துக்கு ஏற்ப வளைக்க வேண்டியதில்லை. கைவினை சோறு தரும். ஓவியம் உரிமையோடு இருக்கும். கைவினைப் பள்ளியாகத் தொடங்கிய இடத்தில் கலைஞராய் வளர்ந்தவர்கள், மீண்டும் கைவினையைத் துணைக்கு அழைத்தனர். ஆனால் இம்முறை ஏவலால் அன்று; தம் விருப்பத்தால்.

ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று எழுந்தது. பாத்திக் துணிகள் நன்றாக விற்றன. சேர்ந்த பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், சவுக்கும் மணலுமாகக் கிடந்த கடலோர நிலத்தை வாங்கினர். 10 ஏக்கருக்கு மிகாத அந்நிலத்தில் 1966ஆம் ஆண்டு சோழமண்டல ஓவியர் கிராமம் தோன்றியது. ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் என்று திரிந்த பெயரை அதன் பழைய வடிவிலேயே மீட்டு ஊருக்கு வைத்தனர். கலைஞர் ஒவ்வொருவரும் தமக்குரிய மனையில் சிறு குடில் கட்டிக்கொண்டனர். நாளில் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது ஓவியத்துக்கு. பணிக்கரின் மகன் சிற்பி நந்தகோபால், ஓவியர்கள் வாசுதேவ், சேனாதிபதி, கோபிநாத், அரிதாசன், சுல்தான் அலி முதலியோர் அவ்வூரோடு சேர்ந்து விளங்கியவர்கள். சாதி, மொழி, மாநிலம் ஆகிய வேறுபாடுகள் அவ்வூரின் வாயிலில் நின்றுவிட்டன. தமிழரும் மலையாளியரும் கன்னடரும் அங்கு ஒரே கிணற்று நீரைக் குடித்தனர்.

அது கனவு என்று நகைத்தவர்கள் இருந்தனர். அரசு மானியத்தையோ செல்வர் கொடையையோ நம்பி எழுந்த ஊராயின் நகைத்தவர் சொல் பலித்திருக்கக் கூடும். அது உழைப்பை நம்பி எழுந்தது, ஆதலின் நிலைத்தது. 1967ஆம் ஆண்டு முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர் தம் எஞ்சிய நாட்களில் அவ்வூருக்குத் தந்தை போல் இருந்தார். 1976ஆம் ஆண்டு லலித் கலா அகாதெமி தன் உயர்ந்த சிறப்பை அவருக்கு அளித்தது. 1977ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னையில் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஓவியக்கூடம் ஒன்று உண்டு. சோழமண்டலத்தில் சென்னைக் கலை இயக்கத்தின் காட்சிச் சாலை 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம், பலர் இறங்குவதில்லை.

நமக்கு உரிய பாடம்

பணிக்கர் வாழ்க்கையிலிருந்து ஓவியர் அல்லாத நாம் கற்க வேண்டியது என்ன? நம் ஊரை நம் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே.

பதிவு செய்யாவிடின் என்ன நேரும் என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்லலாம். கலைப்பள்ளி மாணவர்க்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு தீக்கு இரையாயிற்று. பழைய புத்தகக் கடைகளும் செங்கல் வளைவுகளும் ஒரே இரவில் சாம்பலாயின. இன்று அவ்விடத்தை அறிய விரும்புவோர்க்குப் பழைய படங்களே துணை.

மற்றொன்று இதனினும் பெரிது. நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் கட்சால் என்றொரு தீவு உண்டு. 2000ஆம் ஆண்டின் முதற் கதிரவனைக் காண உலகம் நோக்கிய தீவு அது. பணிக்கர் சோழமண்டலத்தை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், 1964ஆம் ஆண்டு, இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கில் தாயகம் அனுப்பப்பட்டனர். அவர்களுள் சில குடும்பங்கள் பின்னர் கட்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அங்கே நிக்கோபாரிகளின் ஊர்கள் முன்னமே இருந்தன. தூண்கள்மேல் நிற்கும் வட்டக் குடில்கள், தேன்கூடு போல் கவிந்த கூரை, சுற்றிலும் தென்னை. வெளியங்கோட்டுச் சிறுவன் கண்டிருந்தால் வண்ணப் பெட்டியை எடுத்திருப்பான். பணிக்கர் ஓர் ஊரை உண்டாக்கிய அதே தலைமுறையில், வேறோர் ஊருக்குப் பெயர்க்கப்பட்ட தமிழர் அவர்கள்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியது. கட்சாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அல்லது காணாமற் போயினர். கடலோர ஊர்கள் அழிந்தன. நில நடுக்கத்தால் தீவின் நிலமே தாழ்ந்து, கரையின் ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. எஞ்சியோர்க்கு மேட்டு நிலத்தில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற புது வீடுகள் எழுந்தன. உயிர் காத்த வீடுகள் அவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய ஊர் எப்படி இருந்தது? எந்தக் குடில் எந்த மரத்தடியில் நின்றது? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து கடற்கரைக்கு வழி எப்பக்கம் சென்றது? அந்த அலையில் தப்பியோரின் நினைவில் அது உள்ளது. அவர்களுக்குப் பின்? சென்னைக்கு டேனியல்கள் வந்தனர். பிறகு கலைப்பள்ளி இருந்தது. பணிக்கரும் அவர் மாணவரும் இருந்தனர். தொலைதூரத் தீவின் தோட்டத் தமிழர்க்கும் நிக்கோபாரிகளுக்கும் அப்படி யார் இருந்தார்?

இதனால் நாம் எல்லாரும் ஓவியராக வேண்டும் என்று பொருளில்லை. ஆளுக்கு ஒரு பென்சிலும் ஒரு குறிப்பேடும் போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அம்பலத்தையோ, குளத்துப் படித்துறையையோ, இடிந்துவரும் சத்திரத்தையோ, லயன் வீட்டையோ அமர்ந்து பார்த்துக் கோடு இழுக்கலாம். கோடு கோணலாகும், ஆகட்டும். வாசற்படி எத்தனை, தூண் எத்தனை என்று எண்ணி எழுதலாம். அங்குள்ள பாட்டியிடம் அந்த இடத்தின் கதையைக் கேட்டுப் பக்கத்தில் குறிக்கலாம். கைப்பேசியில் நொடியில் படம் எடுக்க முடியும்போது இது எதற்கு என்று சிலர் கேட்பர். படம் எடுத்தவன் அடுத்த நொடி திரும்பிவிடுகிறான். வரைகிறவன் இரண்டு மணி நேரம் அங்கே அமர்கிறான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் தன் ஊரைக் கற்கிறான்.

கவின்கலைக் கல்லூரி மாணவரைச் சென்னைத் தெருக்களில் எங்கேனும் பலகையும் தாளுமாகக் கண்டால் கூட்டத்தோடு எட்டிப் பார்த்துவிட்டு நகராதீர்கள். சிறிது நேரம் உடன் அமருங்கள். அவர்கள் வரைவது நம் நாளைய வரலாறு. 25ஆம் வயதில் சம்பள வேலையைத் துறந்து வகுப்பில் அமர்ந்த ஒருவர் அவர்களுக்கு முன்னே அந்தப் பாதையில் நடந்தார். நம் துறை எதுவாயினும் அவருடைய துணிவில் ஒரு பங்கு நமக்கும் வாய்க்குமாக.